நான்கு பேருக்கு ஒரு குதிரை: விற்கச் சொல்கிறார்கள், மனசு வரவில்லை

வயலோரம் | 9 மார்ச், இரவு 10:15

வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். இதைத் தமிழில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

நான் இங்கிலாந்தில் லிங்கன்ஷையர் பக்கம் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். சொந்த ஊர் எட்டயபுரத்துக்கு அருகில். தாத்தா கோவில்பட்டி ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி ஓட்டியவர். அவருடைய குதிரையின் பெயர் இன்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அதன் கழுத்துச் சலங்கை மட்டும் அம்மாவிடம் இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்பு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஐந்து வயதுப் பெண் குதிரை ஒன்றை 18,000 பவுண்டுக்கு வாங்கினோம். ஐரிஷ் ஸ்போர்ட் ஹார்ஸ் இனம், செம்பழுப்பு, 16.1 கை உயரம், அதாவது தோள் வரை ஐந்தடி ஐந்து அங்குலம். லாயத்தில் கூப்பிடும் பெயர் நோரா. ஓட்டுவது நாங்கள் இல்லை. தொழில்முறை ரைடர் ஒருவரின் லாயத்தில் நிற்கிறாள், அவர்தான் பயிற்சி கொடுத்துப் போட்டிக்குக் கொண்டுபோகிறார். செலவை நான்காகப் பிரித்துக்கொள்கிறோம்.

ஈவென்டிங் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரே குதிரை, ஒரே ரைடர், மூன்று கட்டம். முதலில் ட்ரெஸ்ஸாஜ்: மணல் திடலில் நடுவர் முன்னால் சொன்னபடி அடிவைத்துக் காட்ட வேண்டும். அப்புறம் கிராஸ் கன்ட்ரி: காடு மேடு தண்ணீர் எல்லாம் தாண்டி, அசையாத கட்டைகள்மேல் தாவி, கடிகாரத்தோடு ஓட வேண்டும். பிறகு ஷோ ஜம்பிங்: தொட்டாலே விழும் கம்புகள். எல்லாமே அபராதப் புள்ளிக் கணக்கு, குறைவாக வாங்கியவர் ஜெயிப்பார். கிராஸ் கன்ட்ரியில் ஒரு தடவை மறுத்து நின்றால் 20, தாமதமாகும் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4. ஷோ ஜம்பிங்கில் விழும் ஒவ்வொரு கம்புக்கும் 4.

நோரா 90 சென்டிமீட்டர் உயரத் தடை வகுப்பில் தொடங்கி படிப்படியாக 2 நட்சத்திரப் போட்டி வரை வந்தாள் (சர்வதேசப் போட்டிகளைக் கடினத்தைப் பொறுத்து 1 முதல் 5 நட்சத்திரம் வரை பிரிப்பார்கள்). இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஜூன் மாதம், கிராஸ் கன்ட்ரியைச் சுத்தமாக முடித்து, காதுகளை முன்னால் நிமிர்த்தியபடி வந்து நின்றாள். ஒரு கீறல் இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு லாயத்தில் அவள் முன்னங்காலைத் தடவினேன். முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம், என் உள்ளங்கை அகலத்துக்குச் சூடு. இடது காலில் இல்லை, வலது காலில் மட்டும். வீக்கம்கூட அப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. கை மட்டும் சொன்னது. அடுத்த வாரம் ஸ்கேனில் தசைநாணில் கறுப்பாக ஓர் ஓட்டை தெரிந்தது.

பத்து மாதம் ஆனது. முதலில் பெட்டிக்குள்ளேயே ஓய்வு, அப்புறம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தினமும் ஐந்து நிமிட நடை, பத்து நிமிடம், இருபது நிமிடம். சனி ஞாயிறு நான் நடத்தினேன். கடந்த கோடையில் திரும்பவும் சின்னப் போட்டிகளில் ஓடினாள். இலையுதிர்காலத்தில் 2 நட்சத்திரத்தில் சுத்தமாக முடித்தாள். ரைடர் இந்த வருடம் 3 நட்சத்திரம் போகலாம் என்கிறார்.

இப்போது நெதர்லாந்திலிருந்து ஒரு குடும்பம் 40,000 பவுண்டு தருகிறேன் என்கிறது. பதினேழு வயது மகளுக்காக. பங்காளிகளில் இருவர் விற்கலாம் என்கிறார்கள். ஒருவர் நான் சொல்வதுதான் தன் முடிவு என்கிறார். ரைடருக்கு விற்க இஷ்டமில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. குதிரை வைத்திருந்தவர்கள், விற்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை | 9 மார்ச், இரவு 11:02

அக்கா, முதல் கேள்வி: நான்கு பேருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? பெரும்பான்மை சொன்னால் விற்கலாமா, நால்வரும் சம்மதிக்க வேண்டுமா, ஒருவர் விலகினால் அவர் பங்கை மற்றவர்கள் என்ன விலைக்கு எடுப்பது, ரைடருக்கு விற்பனையில் எத்தனை சதவீதம். இது நான்கும் தாளில் இல்லையென்றால் மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது, இதுவரை எவ்வளவு செலவு? ஆசையைக் குறை சொல்லவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

---

வயலோரம் | 10 மார்ச், காலை 6:40

ஒப்பந்தம் இருக்கிறது. விற்பனைக்கு மூன்று பேர் சம்மதம் போதும். ரைடருக்குப் பத்து சதவீதம். அதாவது, தம்பி, முடிவு என் கையில் இருக்கிறது. அதுதான் பிரச்சினையே.

செலவு: லாயம், தீனி, பயிற்சி எல்லாம் சேர்த்து மாதம் 1,100 பவுண்டு பக்கம். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடம், அது நூறுக்கு மேல். போட்டிக்கு நுழைவுக் கட்டணம், லாரி டீசல், தடுப்பூசி, பல் ராவுவது, காப்பீடு. என் பங்குக்கு மாதம் 350 முதல் 400 வரை போகிறது. பரிசுப் பணத்தில் இதை மீட்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேட்மின்டன் என்ற ஊரில் நடக்கும் பெரிய ஈவென்டிங் போட்டியில் முதலிடம் வந்தால் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைக்கும். எங்கள் மட்டத்தில் ஜெயித்தால் அன்றைய நுழைவுக் கட்டணம் திரும்பினாலே பெரிது. அடிபட்ட காலுக்கு அடுத்த வருடத்திலிருந்து காப்பீடும் கிடையாது, அந்தத் தசைநாணை விலக்கி எழுதிவிட்டார்கள்.

---

எழில் | 10 மார்ச், மதியம் 1:20

யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை. ஒரு தடவை தசைநாண் கிழிந்த மிருகத்தைத் திரும்பவும் ஓடவிடுவது சரியா? டோக்கியோ ஒலிம்பிக்கில் சுவிட்சர்லாந்துக் குதிரை ஜெட் செட் கிராஸ் கன்ட்ரியில் நொண்டி நின்றதையும், தசைநார் அறுந்து அதைக் கருணைக்கொலை செய்ததையும் படித்துவிட்டு இந்த விளையாட்டைப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை. குதிரையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லையே?

---

ஹானோவர் ரவி | 10 மார்ச், மாலை 7:48

எழில், நியாயமான கேள்வி. நான் வடக்கு ஜெர்மனியில் இருக்கிறேன். லூமூலன் போட்டியில் பல வருடமாகத் தன்னார்வலராகத் தடையருகே நிற்கிறேன். உலகத்தில் 5 நட்சத்திரப் போட்டிகள் ஏழுதான்: பேட்மின்டன், பர்லி, கென்டக்கி, லூமூலன், போ, மேரிலாண்ட், அடிலெய்ட். அதில் ஒன்று என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்.

ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். குறைக்க என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன். முன்பு தடைக் கட்டை அசையவே அசையாது. குதிரையின் முன்னங்கால் மேலே மாட்டினால் அது அப்படியே தலைகுப்புறச் சுழன்று ரைடர்மேல் விழும். உயிர்கள் போனது பெரும்பாலும் அந்த விதத்தில்தான். இப்போது பல தடைகளில் மேல்கட்டையை ஒரு முறியும் ஊசியோ கொக்கியோ தாங்கி நிற்கிறது. அளவுக்கு மேல் அழுத்தம் வந்தால் கட்டை கீழே இறங்கிவிடும். ரைடருக்கு 11 புள்ளி அபராதம், ஆனால் குதிரை காலில் நிற்கும். பழைய நெடும் வடிவத்தில் கிராஸ் கன்ட்ரிக்கு முன்பே மைல்கணக்கில் சாலை ஓட்டமும், ஸ்டீபிள்சேஸ் என்ற தடை தாண்டும் வேக ஓட்டமும் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அதை எடுத்துவிட்டார்கள். கடைசி நாள் காலையில் கால்நடை மருத்துவர் முன்னால் குதிரையை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓர் அடி பிசகினாலும் போட்டி முடிந்தது.

சம்மதம் பற்றிக் கேட்டீர்கள். தடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்த வரையில், மனமில்லாத குதிரையை அந்தத் தண்ணீருக்குள் இறக்க யாராலும் முடியாது. ஐநூறு கிலோ மிருகம் நின்றுவிட்டால் நின்றுவிட்டதுதான். ஆனால் மனமிருக்கிற குதிரை வலியையும் மறைத்துக்கொண்டு ஓடும். அங்கேதான் மனிதனுக்கு வேலை.

வயலோரம், என் அனுபவம் கேட்டீர்கள். நான் ஒரு குதிரையில் எட்டில் ஒரு பங்கு வைத்திருந்தேன். நல்ல விலை வந்தது, விற்றோம். விற்றதற்கு வருத்தமில்லை. யாரிடம் விற்றோம் என்பதில்தான் வருத்தம். வாங்கியவர் ஆறு மாதத்தில் இன்னொருவருக்கு விற்றார், அவர் வேறொருவருக்கு. இன்று அது எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. விலையைப் பேசினோம், அடுத்து விற்றால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும் என்று ஒரு வரி எழுத மறந்துவிட்டோம்.

---

லாயத்துப் பொண்ணு | 10 மார்ச், இரவு 9:30

அக்கா, நான் க்ரூம், லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கிறவள். ஊட்டியில் ரேஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தேன், இப்போது க்ளாஸ்டர்ஷையரில் ஒரு ஈவென்டிங் லாயத்தில் ஐந்து வருடமாக வேலை. ஓனர்கள் பேசுவதை நாங்கள் வாளியும் கையுமாக நின்று கேட்டுக்கொண்டிருப்போம். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் எல்லோரும் "விற்பதா வேண்டாமா" என்று கேட்கிறீர்கள். குதிரைக்கு அந்தக் கேள்வி இல்லை. அதற்கு வேறு கேள்வி: அடுத்த மூன்று வருடம் இந்த வலது முன்னங்கால் என்ன வேலை செய்யப்போகிறது? 2 நட்சத்திரத்துக்கும் 3 நட்சத்திர நெடுந்தூரப் போட்டிக்கும் தாளில் ஒரு நட்சத்திரம்தான் வித்தியாசம். காலுக்கு அது பெரிய வித்தியாசம். எட்டு ஒன்பது நிமிடம், நிமிடத்துக்கு 550 மீட்டர், முப்பதுக்கு மேல் தாவல். அதைவிட முக்கியம் அதற்கான தயாரிப்பு. அந்த மூச்சுத்திறனுக்கு வாரம் இரண்டு தடவை மேட்டில் வேக ஓட்டம் ஓட்ட வேண்டும். காயம்பட்ட தசைநாணில் வளர்வது தழும்புத் திசு, பழைய நாணின் நெகிழ்வு அதற்கு வராது. போட்டியில் போகாவிட்டால் பயிற்சியில் போகும்.

அந்த நெதர்லாந்துப் பெண் எந்த மட்டத்தில் ஓட்டப் போகிறாள்? பதினேழு வயது என்றால் ஜூனியர் வயதுதானே, அவர்களுடைய சாம்பியன்ஷிப்பே 2 நட்சத்திரம்தான். நோராவுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை.

எங்கள் லாயத்தில் ஓர் ஓனர் அம்மா இருக்கிறார். போட்டிக்குப் பிறகு பரிசு அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் ஐஸ் பூட்டைக் கழற்றிக் காலைத் தொட்டுப் பார்ப்பார். அவருக்காக ராத்திரி பதினொரு மணிக்கும் நான் குதிரையை நடத்துவேன்.

---

முன்னாள் தஃபேதார் | 11 மார்ச், காலை 5:15

வணக்கம் அம்மா. எனக்கு ஊர் வேலூர் பக்கம். ராணுவத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் ரிமவுன்ட் கால்நடைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம், அதில் பாதி மீரட்டில். டைப் செய்ய நேரமாகும், பேரன் உதவுகிறான்.

இந்த விளையாட்டே ராணுவத்தில் பிறந்தது. அணிவகுப்பில் ஒழுங்காக நிற்குமா, போர்க்களத்தில் பள்ளம் மேடு தாண்டுமா, மறுநாளும் வேலைக்கு ஆகுமா என்று குதிரையைச் சோதிப்பதுதான் இந்த மூன்று கட்டமும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதலில் வந்தபோது ராணுவ அதிகாரிகள் மட்டும்தான் கலந்துகொண்டார்கள். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் நம் ரகுபீர் சிங் தங்கம் வாங்கினார், அணிக்கும் தங்கம். அதைச் சொல்லும்போது எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாதுகளுக்குக் கண் நிறையும்.

எங்களிடம் ஓனர் கிடையாது. சர்க்கார் குதிரை. குளம்பில் எண்ணைச் சூடு போட்டிருப்போம், குளம்பு வளர வளர எண் கீழே இறங்கித் தேய்ந்துவிடும், திரும்பப் போட வேண்டும். அதை நான் செய்திருக்கிறேன். குளம்புக்கு உணர்ச்சி இல்லை, புகை மட்டும் வரும். ஒரு குதிரையோடு நான்கு வருடம் இருப்போம், மாற்றல் வந்தால் போய்விட வேண்டும். யாரும் உன் சம்மதம் கேட்க மாட்டார்கள். அதனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் கேட்கப்படுகிறீர்கள். அது பெரிய பாக்கியம்.

அடுத்து வருபவனுக்கு நாங்கள் ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவோம். இடது பக்கம் ஏறினால் கடிக்க வரும், மழையில் தண்ணீர் குடிக்காது, பின்னங்கால் லாடம் அடிக்கும்போது காதைத் தடவிக்கொண்டே இரு. உங்கள் குதிரை யாரிடம் போனாலும் அந்தச் சீட்டை எழுதிக் கொடுங்கள். கால் விஷயத்தை மறைக்காதீர்கள்.

---

கன்டோன்மென்ட் கார்த்தி | 11 மார்ச், மதியம் 12:10

பெங்களூரிலிருந்து. அக்கா, இங்கே நாங்கள் வேறு விதமாகப் பார்ப்போம், அதனால் எதிர்வாதம் வைக்கிறேன். வைத்திருங்கள்!

ஈவென்டிங் ரைடர் ஃபவாத் மிர்சா எங்கள் ஊர்க்காரர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் செய்னர் மெடிகாட் என்ற குதிரையில் தனிநபர் வெள்ளி, அணியிலும் வெள்ளி. அப்புறம் அந்தக் குதிரைக்கு அடிபட்டது. வேறு இரண்டு குதிரைகளை வைத்துத்தான் ஒலிம்பிக் தகுதியே பெற்றார். மெடிகாட் மெதுவாகக் குணமாகி வந்தது, கடைசியில் டோக்கியோவுக்குப் போனதும் அதே குதிரைதான். சிட்னி 2000க்குப் பிறகு ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இந்தியர் ஒருவர், இறுதிச் சுற்று வரை போய் 23வது இடம். வாங்கிக் கொடுத்த எம்பசி நிறுவனம் காயம்பட்ட நாளில் விற்றிருந்தால் இது நடந்திருக்காது. ஓனர் பொறுமையாக இருந்ததால்தான் அந்த ஜோடி நிலைத்தது.

உங்கள் ரைடரும் பாவம்தானே. ஆறு வருடம் வளர்த்துவிட்டு, பெரிய போட்டி கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் குதிரை கைமாறினால் எப்படி இருக்கும்?

---

ஹானோவர் ரவி | 11 மார்ச், இரவு 8:25

கார்த்தி சொல்வது உண்மைதான். இதில் ஒரு விதியும் உண்டு: ஒலிம்பிக் வருடத்தில் ஜனவரி 15க்குள் குதிரையின் உரிமை, ரைடரின் நாட்டுக்காரர் பெயரில் இருக்க வேண்டும். அதனால் ஒலிம்பிக்குக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் ரைடர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கும். எந்த நாட்டிலிருந்து யார் என்ன விலை சொல்வார்களோ, தன் குதிரை டிசம்பரில் இருக்குமோ இருக்காதோ என்று.

அதே சமயம், கைமாறுவது எப்போதும் துரோகமாகிவிடாது. ஜேஎல் டப்ளின் என்ற குதிரையை நினைத்துப் பாருங்கள். 2021இல் பிரிட்டன் ரைடர் நிக்கோலா வில்சனோடு ஐரோப்பிய சாம்பியன். 2022 பேட்மின்டனில் விழுந்து அவருக்குப் பலத்த அடி, அதோடு அவர் போட்டி வாழ்க்கை முடிந்தது. ஓனர்கள் குதிரையை இன்னொரு ரைடர் டாம் மெக்யூவனிடம் கொடுத்தார்கள். 2024 பாரிஸில் அதே குதிரை பிரிட்டன் அணியோடு தங்கம். வளர்த்தவர் ஒருவர், மேடையில் நின்றவர் இன்னொருவர். நடுவில் ஓனர்கள் அந்த முடிவை எடுத்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

---

வயலோரம் | 14 மார்ச், இரவு 11:30

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் ஒவ்வொரு பதிவையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எழில், நீங்கள் கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கடந்த கோடையில் அவளை முதல் தடவை திரும்பவும் திறந்த மைதானத்தில் ஓடவிட்டபோது, பத்து மாதம் கழித்து அவள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தேன். ஓடவே விடாமல் வைப்பதும் அவளுக்குச் செய்யும் நன்மை என்று எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு ஓடலாம் என்பதுதான் என் கேள்வி.

லாயத்துப் பொண்ணு, நீ எழுதியது என்னை உட்காரவைத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன். நான் விற்கத் தயங்கியதில் அவளுடைய காலைப் பற்றிய நினைப்பு பாதிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளைப் பற்றித்தான் நினைத்தேன். வேலையில் யாரோ கத்திவிட்டுப் போனாலும் அவள் பெட்டிக் கதவைத் திறக்கும்போது என் பையை மூக்கால் தள்ளி மின்ட் தேடுவாளே, அதை. ஓனர் கூடாரத்தில் கழுத்தில் பேட்ஜ் போட்டுக்கொண்டு டீ குடிப்பதையும்தான். 3 நட்சத்திரம் என்ற சொல்லுக்கு எனக்கும் ஆசை. எட்டயபுரத்திலிருந்து வந்தவளின் குதிரை என்று.

நேற்று ரைடரிடம் நேராகவே கேட்டேன்: விற்காமல் வைத்திருந்தால் 2 நட்சத்திரத்தோடு நிறுத்துவீர்களா? அவர் சேணத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார், "இல்லை. அவள் அதைவிடப் பெரியவள். அவளை அங்கேயே நிறுத்த எனக்கு முடியாது. தவிர, என் லாயத்தில் மேலே போகிற குதிரைகளுக்குத்தான் இடமிருக்கிறது." அவர் பொய் சொல்லவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். அவருக்கு இது பிழைப்பு.

இன்னொரு லாயத்துக்கு மாற்றி, வேறு ரைடரைத் தேடலாமா என்றும் பார்த்தேன். பங்காளிகள் இருவர் அதற்குத் தயாரில்லை. முழுச் செலவையும் ஏற்க என் சம்பளம் போதாது.

நெதர்லாந்துக் குடும்பத்தை வரச்சொல்லியிருக்கிறேன். அவர்கள் வருவதற்கு முன்பே நான்கு ஸ்கேன்களையும் மருத்துவர் குறிப்புகளையும் அனுப்பிவிட்டேன். பங்காளி ஒருவர் கோபப்பட்டார், "கேட்டால் காட்டலாமே" என்றார். தஃபேதார் ஐயா சொன்னதைத்தான் அவருக்கும் சொன்னேன்.

---

கணக்குப்பிள்ளை | 15 மார்ச், காலை 8:05

சரியாகச் செய்தீர்கள். பின்னால் வழக்கு வராது என்பதும் உண்டு. ரவி சொன்ன அந்த வரியை மறக்காதீர்கள்: மறுபடி விற்றால் முதல் உரிமை உங்களுக்கு. இன்னொன்றும் சேருங்கள், போட்டியிலிருந்து ஓய்வு பெறும் நாளில் உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் இது எவ்வளவு நிற்கும் என்பது வேறு விஷயம். கையெழுத்துப் போடும்போது எதிராளி முகத்தைப் பார்க்கலாம், அதுவே போதும்.

---

கன்டோன்மென்ட் கார்த்தி | 15 மார்ச், காலை 10:40

என் பதிவைத் திரும்பப் படித்தேன். ஒலிம்பிக் குதிரையின் கதையை உங்கள் நிலைமைமேல் வைத்துவிட்டேன். அங்கே ஒரு நிறுவனம், மாற்றுக் குதிரைகள், காத்திருக்க வசதி எல்லாம் இருந்தது. மன்னியுங்கள் அக்கா. ரைடருக்காக மட்டும் இன்னும் மனசு கனக்கிறது.

---

வயலோரம் | 29 மார்ச், மாலை 6:50

வந்து போய்விட்டார்கள். அப்பா, மகள், அவர்களுடைய பயிற்சியாளர்.

ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். க்ரூம் நோராவைச் சேணத்தோடு வெளியே கொண்டுவந்தாள். அப்பாவும் பயிற்சியாளரும் ரைடரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தாள். ஏறவில்லை. கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். குனிந்து இடது முன்னங்காலை மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவினாள், அப்புறம் வலது காலை. வலது காலில் அந்தத் தழும்பு தடித்த இடத்தில் கை நின்றது. இரண்டு விரலால் லேசாக அழுத்தி, நோராவின் காதைப் பார்த்தாள், வலிக்கிறதா என்று. பிறகுதான் கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டு ஏறினாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் யாரையும் பார்க்கவும் இல்லை.

அவர்களின் மருத்துவர் புதிதாக ஸ்கேன் எடுத்தார். காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், முழுதாக அரை நாள். பழைய தழும்பு, புதிதாக ஒன்றுமில்லை. விலையை 36,000 ஆக்கினார்கள். ஜூனியர் வகுப்பு முடியும்வரை 2 நட்சத்திரத்துக்கு மேல் போகும் திட்டமில்லை என்று பயிற்சியாளர் சொன்னார். அதை அவரே எழுதியும் கொடுத்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ரைடர் அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை செய்தி அனுப்பினார், கடைசி வாரம் தானே தினமும் ஏறுவதாகவும், காட்டுப் பாதையில் நடை மட்டும் என்றும்.

---

லாயத்துப் பொண்ணு | 29 மார்ச், இரவு 10:12

அக்கா, கையுறையைக் கழற்றினாள் என்று படித்ததும் போதும் எனக்கு. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு அந்தப் பக்கம் அனுப்புவதற்கு ரத்தப் பரிசோதனை, ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். கடைசி நேரத்தில் அலைய வேண்டாம், இப்போதே மருத்துவரிடம் தேதி வாங்குங்கள். குதிரையின் பாஸ்போர்ட்டில் தடுப்பூசிப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள், ஒரு தேதி தவறினாலும் போட்டிக்குப் போக முடியாமல் திரும்ப முதலிலிருந்து ஊசி போட வேண்டிவரும். பயணத்துக்கு முந்தின நாள் தீனியைக் குறைத்து, உலர்புல்லைத் தண்ணீரில் நனைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நீண்ட பயணத்தில் வயிறு கட்டிக்கொண்டால் ஆபத்து.

---

எழில் | 30 மார்ச், காலை 9:00

நான் இன்னும் இந்த விளையாட்டை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பெண் காலைத் தொட்டதைப் படித்துவிட்டு என் தோழிக்கு அனுப்பினேன். நோரா போய்ச் சேர்ந்ததும் இங்கே சொல்லுங்கள்.

---

வயலோரம் | 19 ஏப்ரல், இரவு 9:20

சேர்ந்துவிட்டாள். ஹார்விச்சிலிருந்து இரவுக் கப்பலில் ஹூக் ஆஃப் ஹாலந்து. காலை பத்து மணிக்குப் படம் வந்தது, புது வைக்கோல்மேல் நிற்கிறாள், பாதி உலர்புல் காலி.

தஃபேதார் ஐயா, சீட்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம் வந்துவிட்டது. அதில் முதல் வரி வலது முன்னங்கால். காலை ஆறு மணிக்கு, வேலை கொடுப்பதற்கு முன்னால், வெறும் கையால். கடைசி வரி மின்ட் பற்றி: ஒரு நாளைக்கு இரண்டுதான், அவள் நான்கு கேட்பாள்.

லாரி வந்த அன்று ரைடர் அவள் பிடரியைப் பின்னிவிட்டார், போட்டிக்குப் பின்னுவதுபோல. பயணத்துக்கு அது தேவையே இல்லை. பன்னிரண்டு பின்னல். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் பின்னால் நின்று நூலைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். சலங்கையை எடுத்துப் பார்த்ததாகச் சொன்னாள். அப்புறம், "அந்தக் குதிரைக்குப் பேரு ராமுன்னு நினைக்கிறேன்டி, உங்க பெரிய மாமாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள்.